உங்கள் கடைக் கணக்கில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு மொத்த ஹார்ட்வெயார் கடையில் கணக்கும் கணினியும் பார்க்கிறவள் நான். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் மெயின் றோட்டில் இருக்கிற கடைகளுக்கு இப்போது மென்பொருள் விற்கிறவர்கள் மாறி மாறி வருகிறார்கள். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: உங்கள் பில்லிங் மென்பொருளுக்குள்ளேயே ஏஐ சாட் உதவியாளர் ஒன்றைப் போட்டுத் தருகிறோம், வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் என்ன கேட்டாலும் இரவு பகல் பாராமல் அதுவே பதில் சொல்லும், ஆள் தேவையில்லை. மடிக்கணினியைத் திறந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டுக் காட்டுவார்கள், டக்கென்று அழகான பதில் வரும், முதலாளிமார் அசந்து போவார்கள். எங்கள் முதலாளியும் வாங்கினார். அதைக் கடைக்குள் ஓட வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காசு கொடுக்க முதல், உங்கள் கடையின் சொந்த ஸ்டொக் பட்டியலைக் கொடுத்து, உங்களுக்கு உண்மையில் வந்த பழைய மெசேஜ்களைக் கொடுத்து, அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பேர் மறுநாள் வரமாட்டார்கள். வருகிற மற்றப் பாதியோடு பேசலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பிறகு வியாபார மென்பொருள் செய்கிற பெரிய கொம்பனிகள் எல்லாம் தங்கள் மென்பொருளுக்குள் இப்படி ஒன்றைச் சேர்த்துவிட்டன. மைக்ரோசொப்டுக்கு கோபைலட், எஸ்ஏபிக்கு ஜூல், ஸோஹோவுக்கு ஸியா (இது சட்ஜிபிடிக்கு முன்பே இருந்தது), ஓடூவிலும் இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே வேலை செய்கிறதில்லை. ஒன்று, கடைக்கு உள்ளே இருக்கிறவர் கேட்பது: போன மாதம் எந்தச் சாமான் கூட ஓடியது, யார் யார் காசு தர இருக்கிறது என்று முதலாளியோ நானோ கேட்போம். மற்றது, வெளியே இருக்கிற வாடிக்கையாளர் கேட்பது. உள்ளே இருக்கிறவருக்குப் பிழையான பதில் வந்தால் அவருக்கே சந்தேகம் வரும், ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பார். வெளியாளுக்குப் பிழையான பதில் போனால் அது கடை சொன்ன சொல். விற்க வருகிறவர்கள் இரண்டையும் ஒரே பொதியில் கட்டி ஒரே விலையில் தருகிறார்கள், வாங்குகிறவரும் இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்.

இனி ஸ்டொக் பட்டியல் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உதவியாளர் தன் மூளையிலிருந்து எங்கள் கடையைப் பற்றி எதையும் சொல்கிறதில்லை. வாடிக்கையாளர் கேட்டதோடு தொடர்புள்ள வரிகளை மென்பொருள் எங்கள் பட்டியலிலிருந்து தேடி எடுத்து, கேள்வியோடு சேர்த்து வெளிநாட்டில் இருக்கிற மொடலுக்கு, அதாவது பதில் எழுதுகிற ஏஐக்கு, அனுப்புகிறது, அது அந்த வரிகளை வைத்துப் பதிலை எழுதித் தருகிறது. ஆகவே பட்டியல் எப்படியோ பதிலும் அப்படி. எங்கள் பட்டியலில் அரை இஞ்சி பீவீசி பைப் மூன்று இடத்தில் இருந்தது. ஒருவர் ‘பைப் 1/2’ என்று பதிந்திருந்தார், அவருக்குப் பிறகு வந்தவர் ‘அரை இஞ்சி பைப்’ என்று தமிழில், இன்னொருவர் கொம்பனிப் பெயரையும் 600, 1000 என்ற வகை இலக்கத்தையும் சேர்த்து. மனிதர் கவுண்டரில் நிற்கும்வரை இது பிரச்சினையே இல்லை, தம்பி பின்னால் போய் றாக்கைப் பார்த்துவிட்டு வந்து சொல்வான். பொட்டுக்கு, அதாவது இந்தச் சாட் உதவியாளருக்கு, றாக் இல்லை.

அதைவிட மோசம் மைனஸ் ஸ்டொக். கடை நடத்துகிறவர்களுக்கு இது தெரியும். பைப் லொறி காலையில் வந்து இறங்கும், கொம்பனி பில் பின்னேரம்தான் என் மேசைக்கு வரும், அதற்குள் கவுண்டரில் பைப்பை விற்று பில்லும் போட்டாகிவிடும். வரவு பதியாமல் விற்பனை மட்டும் பதிந்தால் கணினியில் மைனஸ் 40 என்று நிற்கும். சில சாமான்களுக்கு அந்த மைனஸ் மாதக்கணக்காக அப்படியே கிடக்கும், கணக்கு முடிக்கிற நேரத்தில்தான் யாராவது திருத்துவார்கள். பொட் அந்த மைனஸைப் பார்த்து ‘தற்போது கையிருப்பில் இல்லை’ என்று மரியாதையாகச் சொல்லிவிடும். றாக் நிறையப் பைப் அடுக்கி இருக்கும், வாடிக்கையாளர் கல்முனைக்குப் போய் வாங்கிக்கொண்டு போயிருப்பார். விற்றவரிடம் கேட்டேன். ‘அதெல்லாம் ஏஐ விளங்கிக்கொள்ளும்’ என்றார். எதை வைத்து விளங்கும்? பின்னேரம் வருகிற பில்லைக் காலையிலேயே அது எங்கே போய்ப் பார்க்கும்?

அதனால் வியாபாரம் மந்தமான மாரி நாட்களில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்டியல் முழுவதையும் துப்புரவாக்கினோம். ஒரு சாமானுக்கு ஒரு வரி, அந்த வரிக்குள் ஆட்கள் அதைக் கூப்பிடுகிற எல்லாப் பெயரும். லொறி இறங்கின உடனே வரவு பதிகிறது என்று ஒரு ஒழுங்கு. பில் வராவிட்டால் டெலிவரி நோட்டை வைத்தாவது பதிய வேண்டும். உண்மையைச் சொன்னால், ஏஐக்காகச் செய்த இந்த வேலை ஏஐ இல்லாமலே கடைக்கு லாபம்.

அளவுகளும் அப்படித்தான். மணல், கல் எல்லாம் எங்கள் பக்கம் கியூப்பில்தான் விற்கிறது. ஒரு கியூப் என்றால் 100 கன அடி, மீற்றரில் சொன்னால் கிட்டத்தட்ட 2.83 கன மீற்றர். உலகம் முழுக்கப் படித்துவிட்டு வந்த மொடலுக்கு இது தானாகத் தெரிகிறதில்லை, கியூப் என்றதும் ஒரு கன மீற்றர் என்று எடுத்துக்கொள்கிறது. ஒருவர் தன் கட்டடத்துக்கு எத்தனை கியூப் மணல் வேண்டும் என்று கேட்டால் ஒன்று போதுமான இடத்தில் மூன்று என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும். நாங்கள் ஓட்டிப் பார்த்தபோது அதைத்தான் செய்தது. நல்ல காலம், கேட்டது எங்கள் கடைத் தம்பி. இப்போது பொட்டுக்கு எழுதி வைத்திருக்கிற அறிவுறுத்தலில் முதலாவது வரியே ஒரு கியூப் 100 கன அடி என்பதுதான், அடுத்த வரி சீமெந்துப் பை ஒன்று 50 கிலோ.

மெசேஜ்களுக்கு வருவோம். விற்பனைக்காரர் காட்டுகிற வாடிக்கையாளர் முழு வாக்கியம் எழுதுகிறார், எழுத்துப் பிழை விடுவதில்லை, ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்கிறார். எங்களுக்கு வருகிறது எப்படி என்றால், ‘சீமெந்து கிடக்கா’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு படம், உடைந்த டப் (தண்ணீர்க் குழாய்) ஒன்றின் படம், பிறகு ‘இது எவ்வளவு’, பிறகு ‘சரி மறுகா வாறன்’. பாதி தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கும், அதிலும் ஒரே சொல்லை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். அம்பாறை டவுன், உகன பக்கத்தார் சிங்களத்தில் அனுப்புவார்கள். வயதானவர்களும் வயலில் நிற்கிறவர்களும் எழுதவே மாட்டார்கள், வொய்ஸ் மெசேஜ்தான், பின்னால் உழவு இயந்திரம் ஓடுகிற சத்தத்தோடு. எங்களுக்கு வருகிற ஓடர்களில் நல்ல ஓடர்கள் அந்த வொய்ஸ் மெசேஜ்களில்தான் இருக்கின்றன. விற்றவரின் பொட்டுக்கு வொய்ஸ் கேட்கவே தெரியாது, அதற்குத் தனிக் காசு என்றார். தனிக் காசு கொடுத்துப் போட்டாலும் எங்கள் பேச்சை எழுத்தாக்குவதில் இன்னும் தடுமாறுகிறது. இலக்கங்களைப் பிழையாகக் கேட்டுவிடுகிறது என்பதால், வொய்ஸில் வருகிற ஓடரை பொட் தானாக ஏற்காமல் ஆளிடம் தள்ளிவிடும்படி வைத்திருக்கிறோம்.

பதில் சொல்கிற தமிழ் இன்னொரு கூத்து. ‘வணக்கம் ஐயா, தங்களுக்கு நான் எவ்வாறு உதவ இயலும்’ என்று தொடங்கும். எங்கள் கடைக்கு வழமையாக வருகிற ஒரு காக்கா, முஸ்லிம் பெரியவர், அதைப் பார்த்துவிட்டு ‘ஆரு இது’ என்று கேட்டு அனுப்பினார், பிறகு எனக்குப் போன் எடுத்து, கடையை வித்துட்டீங்களா மகள் என்றார். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது: எதிரில் இருப்பது ஆளா இயந்திரமா என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம். ‘இது கடையின் தானியங்கிப் பதில், ஆளோடு கதைக்க 1 ஐ அனுப்புங்கள்’ என்று தொடங்கும். தங்களுக்கு, எவ்வாறு, இயலும் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. நல்ல பதில் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் கவுண்டர் பிள்ளைகள் முன்பு எழுதின பதில்களையே மாதிரியாகக் கொடுத்தோம், பேச்சு நன்றாகவே மாறியது. இதை யாரும் செய்யலாம், இதற்கு இஞ்சினியர் தேவையில்லை.

டெலிவரி விஷயத்தில் எங்கள் பூமி அதற்குப் பிடிபடவே இல்லை. குருமண்வெளியில் நின்று பார்த்தால் மண்டூர் கண்ணுக்குத் தெரிகிற தூரம், வரைபடத்திலும் அப்படித்தான், நடுவில் வாவி கிடக்கிறது. சீமெந்து ஏற்றின லொறி பட்டிருப்புப் பாலத்தால் ஏறிப் படுவான்கரையை, அதாவது வாவியின் மேற்குக் கரையை, சுற்றித்தான் போக வேண்டும். மாரியில் அந்தப் பக்கத்து றோட்டுகளில் வெள்ளம் ஏறினால் அதுவும் இல்லை. பொட் தூரத்தைப் பார்த்து ‘இன்று பிற்பகலே டெலிவரி செய்யலாம்’ என்று சொல்ல ஆயத்தமாக இருந்தது, அதுவும் ஏற்றுக்கூலி சேர்க்காமல். இதற்கு மருந்து, ஊர் ஊராக ஒரு தாள்: எந்த ஊருக்கு எந்தக் கிழமை லொறி போகும், ஏற்றுக்கூலி எவ்வளவு, எந்த மாதங்களில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தத் தாளை எழுதித் தந்தவர் எங்கள் லொறி சாரதி. கடையில் இருக்கிற எல்லாரையும் விட அவருக்குத்தான் அது தெரியும், அவரிடம் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் காத்தான்குடி, கல்முனைப் பக்கம் போய்க் கடை பூட்டியிருக்கத் திரும்பி வரக்கூடாது என்பதும் அவர் எழுதித் தந்ததுதான்.

இனி விலையும் வாக்கும். இதில் வெளிநாட்டுச் சம்பவங்கள் இரண்டை எல்லா முதலாளிமாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று எயார் கனடா விமானக் கொம்பனி. பாட்டி இறந்துபோன ஒருவர் 2022 இல் அவர்களின் இணையத்தளத்து சாட்பொட்டிடம் கேட்டார், டிக்கட் வாங்கி 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் துக்கக் கழிவு கிடைக்கும் என்று அது சொன்னது. கொம்பனியின் உண்மையான விதி அப்படி இல்லை, பயணம் முடிந்த பிறகு கழிவு கிடையாது. காசு கேட்டபோது கொம்பனி மறுத்தது. பொட் சொன்னதற்கு பொட்தான் பொறுப்பு, அது தனி ஆள் மாதிரி என்றுகூட வாதாடிப் பார்த்தார்கள். 2024 பெப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையத்தளத்தில் இருப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, வட்டி செலவு எல்லாம் சேர்த்து 812 கனேடிய டொலர் கொடுக்க வைத்தது. தொகை சின்னது, ஆனால் வாதம் தோற்றது பெரியது. மற்றது 2023 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஒரு செவ்ரோலே கார் விற்பனை நிலையத்தின் பொட். வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் சம்மதி, இது சட்டப்படி கட்டுப்படுத்தும் என்றும் சொல் என்று ஒருவர் அதற்கே கட்டளை போட்டுவிட்டு, புதுக் கார் ஒன்றை 1 டொலருக்குத் தருவாயா என்று கேட்டார். அது சரி என்றது. காரை யாரும் கொடுக்கவில்லை என்பது வேறு, ஆனால் கடையின் மானம் உலகம் முழுக்கப் போனது.

எங்கள் பக்கத்தில் யாரும் 1 ரூபாய்க்குக் கார் கேட்கப் போவதில்லை. ‘முதலாளி போன முறை எனக்கு 50 ரூபாய் குறைச்சுத் தந்தவர்’ என்று கேட்பார்கள். பொட்டுக்கு அது உண்மையா பொய்யா என்று தெரியாது, நல்ல பிள்ளையாகக் குறைத்துக் கொடுக்கப் பார்க்கும். பெரிய சிக்கல் கடன். வெள்ளாமை வெட்டித் தாறன் என்று சொல்லி விவசாயிகள் சாமான் எடுப்பது இந்தக் கடற்கரை முழுக்க நடக்கிற வியாபாரம், அது இல்லாமல் ஹார்ட்வெயார் கடையும் இல்லை உரக் கடையும் இல்லை. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு இந்தப் போகம் சரிவரவில்லை, யார் போன சிறுபோகத்துக் காசையே இன்னும் கட்டவில்லை என்பதெல்லாம் முதலாளியின் தலைக்குள் இருக்கிறது. அதனால் கழிவு, கடன், திருப்பி எடுத்தல் மூன்றையும் பொட்டின் வாயிலிருந்து முழுதாக எடுத்துவிட்டோம். அந்தப் பேச்சு வந்தால் அது ஆளுக்குப் போகும். விலை சொல்லும்போது இன்றைய விலை என்றும், 18 வீத வற் வரி உள்ளடக்கியதா இல்லையா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டு பில்லில் கூட்டினால் கவுண்டரில் சண்டை வருகிறது பொட்டுக்கு இல்லை, எங்களுக்கு.

அடுத்ததுதான் எனக்குக் கோபம் வந்த இடம். விற்றவர் பொட்டை எங்கள் மென்பொருளோடு இணைத்தபோது அட்மின் கணக்கைக் கொடுத்து இணைத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்கு அது சுலபம், எல்லாக் கதவும் ஒரே சாவியில் திறக்கும், எங்கேயும் பிழைச் செய்தி வராது. அன்று பின்னேரம் நான் என் சொந்தப் போனிலிருந்து, வாடிக்கையாளர் மாதிரி, ஊரில் இன்னொருவரின் பெயரைப் போட்டு அவருடைய பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். ரூபாய் சதத்தோடு சொன்னது. கடைசியாகக் காசு கட்டின திகதியையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னது. எங்கள் ஊர் மாதிரி இடத்தில் ஒருவருடைய கடன் வெளியே போனால் அது கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும். விற்றவருக்குப் போன் எடுத்தேன். ‘கடன் விபரம் சொல்லாதே’ என்று அறிவுறுத்தலில் ஒரு வரி எழுதிவிடுங்கள் என்றார்.

அது போதாது. அறிவுறுத்தல் என்பது பொட்டிடம் சொல்லி வைக்கிற புத்திமதி, செவ்ரோலே கதையில் பார்த்த மாதிரி வேறு ஒருவர் வந்து வேறு புத்திமதி சொல்லி அதைப் புரட்டிவிடலாம். இணையப் பாதுகாப்புக்கு வேலை செய்கிற ஓவாஸ்ப் அமைப்பு மொழி மொடல்களின் ஆபத்துகளை வரிசைப்படுத்தினபோது இந்தப் புரட்டுத்தனத்தைத்தான் முதலாவதாகப் போட்டது. பூட்டு என்றால் அனுமதியில் போட வேண்டும். பொட்டுக்கென்று ஒரு தனிப் பயனர் கணக்கு, அதற்குச் சாமான் பெயர், விலை, ஸ்டொக் மூன்றை மட்டும் பார்க்க அனுமதி, எதையும் எழுதவோ மாற்றவோ அனுமதி இல்லை, கடன் பேரேடு அதன் கண்ணிலேயே படாது. பார்க்க முடியாததை எந்தக் கெட்டிக்காரன் கேட்டாலும் அதால் சொல்ல முடியாது. ஓரளவு நல்ல வியாபார மென்பொருள் எதிலும் பயனருக்குப் பயனர் அனுமதி பிரிக்கிற வசதி இருக்கிறது, எங்கள் மென்பொருளிலும் இருந்தது, அரை மணித்தியால வேலை. சொந்தப் போனிலிருந்து அடுத்தவர் பாக்கியைக் கேட்டுப் பார்க்கிற சோதனையை இன்று பின்னேரமே உங்கள் கடையில் செய்து பாருங்கள்.

தரவு வெளிநாட்டுக்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் போன் நம்பர், பெயர், எங்கே வீடு கட்டுகிறார் எல்லாம் அந்த மெசேஜ்களில் இருக்கிறது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முழுதாக நடைமுறைக்கு வருவது பிந்திக்கொண்டு போனாலும் சட்டம் சட்டம்தான். நாங்கள் அனுப்புகிற மெசேஜ்களை மொடல் கொம்பனி தன் பயிற்சிக்கு எடுக்குமா, எத்தனை நாள் வைத்திருக்கும் என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டேன். பதில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட ஆவணமாக வந்தது. வாசித்துப் பார்த்தால் அது வேறு ஒரு மென்பொருளுடையது.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஒன்றைத் தவிர. மாதக் கட்டணம் ரூபாயில் என்று சொல்வார்கள், கீழே சின்னதாக ‘பாவனைக்கு ஏற்ப’ என்று இருக்கும். அந்தப் பாவனை டோக்கன் கணக்கு, டொலரில். எழுத்துகளைத் துண்டு துண்டாக எண்ணுகிற கணக்கு அது, தமிழுக்கு ஆங்கிலத்தை விடக் கூடத் துண்டு பிடிக்கும். முன்பை விட இப்போது பரவாயில்லை: 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மொடல் வந்தபோது அதைச் செய்த ஓபன்ஏஐ கொம்பனி வெளியிட்ட ஒப்பீட்டில் ஒரு தமிழ் வாசகம் 116 டோக்கனிலிருந்து 35 க்கு இறங்கியிருந்தது, அதே வாசகம் ஆங்கிலத்தில் 27 லிருந்து 24. பழைய மலிவு மொடலைப் போட்டுத் தந்தால் அந்தப் பழைய கணக்கில்தான் ஓடும். இன்னொன்று, சாட் நீள நீள ஒவ்வொரு கேள்வியோடும் முன்னுக்குப் பேசினது எல்லாம் திரும்ப அனுப்பப்படுகிறது, அதனால் அரட்டை அடிக்கிற ஒருவர் ஓடர் தருகிற பத்துப் பேரை விடச் செலவு வைப்பார். மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு உச்ச வரம்பு போடலாம், போடச் சொல்லுங்கள். 2022 இல் டொலர் சில வாரங்களுக்குள் எப்படி ஏறினது என்று ஒருவருக்கும் மறந்திருக்காது.

வட்ஸ்அப்பில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, இதையும் விற்றவர் சொல்லவில்லை. பொட் ஓடுகிற வியாபாரத் தளத்தில் வாடிக்கையாளர் கடைசியாக மெசேஜ் அனுப்பி 24 மணித்தியாலத்துக்குள்தான் நாங்கள் விரும்பினபடி பதில் எழுதலாம், அதற்குப் பிறகு முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட மாதிரி மெசேஜ்தான் அனுப்பலாம். சனிக்கிழமை பின்னேரம் ஒருவர் கேட்கிறார், பொட் ‘ஆள் பதில் சொல்வார்’ என்று தள்ளிவிடுகிறது, ஞாயிறு கடை பூட்டு, திங்கள் காலை நான் வந்து பார்த்தால் பதில் எழுதுகிற இடம் பூட்டிக் கிடக்கிறது. இப்போது ‘உங்கள் கேள்விக்குப் பதில் ஆயத்தம், அனுப்பலாமா’ என்று ஒரு மாதிரி மெசேஜை அங்கீகாரம் வாங்கி வைத்திருக்கிறோம். அதுவரை எத்தனை ஓடர் கைவிட்டுப் போனதோ.

இவ்வளவும் சொல்லிவிட்டு நல்லதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இரவு பத்து மணிக்கு ‘10 மில்லிமீற்றர் கம்பி என்ன விலை’ என்று கேட்கிறவருக்கு அந்த நேரமே பதில் கிடைக்கிறது, காலையில் வந்து எடுத்துக்கொண்டு போகிறார். சிங்களத்தில் வருகிற மெசேஜை எனக்குத் தமிழில் சொல்லி, பதிலையும் எழுதித் தருகிறது. சிங்களம் தெரிந்த எங்கள் சாரதி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறோம், ஆனாலும் முன்பு பாதி நாள் கிடந்த மெசேஜ் இப்போது சில நிமிடத்தில் போகிறது. உள்ளுக்குள் முதலாளி தமிழிலேயே ‘மூன்று மாதமாக ஓடாத சாமான் எது’ என்று கேட்டுப் பட்டியல் எடுக்கிறார், அதற்கு முன் அவருக்கு அந்த ரிப்போர்ட் எந்த மெனுவில் இருக்கிறது என்றே தெரியாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: கூட்டுத்தொகையை மொடலே கூட்டுகிறதா, அல்லது மென்பொருள் கூட்டி அதை மொடல் எழுதிக் காட்டுகிறதா என்று பாருங்கள். மொடல்கள் சொல்லில் கெட்டி, நீளமான கூட்டலில் சறுக்கும். கடன் பாக்கி ரிப்போர்ட்டையும் உள்ளே ஓடுகிற உதவியாளர் சொல்கிற தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் நாங்கள் அதை நம்பத் தொடங்கினோம்.

ஆள் தேவையில்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைச் சொல்லித்தான் அதிகமாக விற்கிறார்கள். எங்கள் கடையில் பொட்டைச் சரியாக ஓட வைத்தது யார்? பைப்பின் எல்லாப் பெயரையும் தெரிந்த கவுண்டர் பிள்ளை, றோட்டைத் தெரிந்த சாரதி, கடனைத் தெரிந்த முதலாளி. இப்போதும் ஒவ்வொரு நாள் பின்னேரமும் அந்தப் பிள்ளைதான் அன்றைய சாட் எல்லாவற்றையும் வாசித்து, பிழையாகச் சொன்னதை எடுத்து, பட்டியலிலோ அறிவுறுத்தலிலோ திருத்துகிறாள். சீமெந்து விலை மாறினால் உடனே மாற்றுகிறாள். அவளை நிற்பாட்டிவிட்டு பொட்டை மட்டும் வைத்திருந்தால் ஒரு போகத்துக்குள் அது பழைய விலையும் இல்லாத சாமானும் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வாசிப்பு வேலைக்கு நேரம் ஒதுக்கி, அதற்குச் சம்பளத்திலும் ஏதாவது கூட்டிக் கொடுங்கள் என்று எங்கள் முதலாளியிடம் கேட்டேன். நேரம் தந்தார். சம்பளம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், இதை அவரும் வாசிப்பார் என்று நம்புகிறேன்.

விற்க வருகிறவர்களிடம் எனக்கு மூன்று நாலு கேள்விதான் இருக்கிறது. எங்கள் பட்டியலையும் எங்கள் பழைய மெசேஜ்களையும் வைத்து இரண்டு கிழமை காசில்லாமல் ஓட்டிக் காட்டுவீர்களா? ஒப்பந்தத்தைத் தமிழில் தருவீர்களா, அதில் எந்தக் கணக்கால் இணைக்கிறீர்கள், எந்த அனுமதி கொடுக்கிறீர்கள் என்று எழுதியிருக்குமா? நாளைக்கு உங்களை விட்டு விலகினால் கடையின் வட்ஸ்அப் நம்பரும் சாட் பதிவுகளும் யாருடைய கையில் இருக்கும்? பொட் பிழையாக வாக்குக் கொடுத்து நட்டம் வந்தால் உங்கள் பங்கு என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு இதுவரை வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம், ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம், இரண்டிலும் கணினி படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் ஆய்வு வேலைகளில் ஒன்றிரண்டாவது எங்கள் பக்கத்து வொய்ஸ் மெசேஜ்களை எழுத்தாக்குவதாகவோ, இப்படிக் கடைகளுக்குப் போடுகிற பொட்களைச் சோதித்துப் பார்ப்பதாகவோ இருந்தால் எங்கள் கடைக் கதவு திறந்திருக்கிறது, பெயர் நம்பர் நீக்கின பழைய மெசேஜ்களை முதலாளி தரச் சம்மதித்திருக்கிறார். வர்த்தக சங்கங்களும் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. விற்பனைக்காரர்களைத் தனித்தனியாகக் கடைக்குள் விடாமல் ஒரு நாளைக்குச் சங்கத்துக்குக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால், ஒரே பட்டியலில், தமிழில் எழுதிக் கேட்டுப் பார்க்கலாமே. அப்படி ஒரு கூட்டம் வைத்தால் அந்த அரை இஞ்சி பைப் மூன்றும் இருந்த எங்கள் பழைய பட்டியலை நான் கொண்டு வருகிறேன், துப்புரவாக்க முன் எடுத்து வைத்த பிரதி இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வர்த்தகப் பக்கத்தில் இந்த உதவியாளர்களைப் பற்றி விளம்பரம் வருகிற அளவுக்குப் பாவித்தவர்களின் அனுபவம் வருவதில்லை. அரிசி மில், பாமசி, புடைவைக் கடை நடத்துகிறவர்களும் எழுதட்டும், மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்கிறவர்களுக்கு நிறமும் அளவும் கேட்டு வருகிற மெசேஜ்களை இது எப்படிச் சமாளிக்கிறது என்று அறிய எனக்கே ஆசை. விற்கிறவர்களும் என் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போடுங்கள்.

இப்படிக்கு,
கடைக் கணக்கு பார்க்கும் வாசகி,
களுவாஞ்சிகுடி.